மெனுவில் இல்லாத புரோகிராமை மெனுவில் சேர்ப்பது எப்படி?

திருநகர் மூன்றாவது ஸ்டாப்பில் இருக்கும் பெரியப்பா வீட்டிலிருந்து மாதம் இரண்டு முறையாவது எனக்குப் போன் வரும். "தம்பி, அந்தப் பாட்டு பதியிற புரோகிராம் எங்கயோ போயிருச்சுப்பா. நேத்து இருந்துச்சு, இன்னைக்குக் காணோம்" என்பார். புரோகிராம் எங்கும் போயிருக்காது. டவுன்லோட்ஸ் போல்டரில்தான் இருக்கும். அதற்கு மேலே கரண்ட் பில் ரசீது, பென்ஷன் பாரம், பஞ்சாங்கம் என்று ஐம்பது பைல்கள் வந்து விழுந்திருக்கும். நான் இருப்பது இரண்டு ஸ்டாப் தள்ளி. சைக்கிளை மிதித்துப் போய் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வருவேன்.

ஒருமுறை வந்த போன் வேறு மாதிரி இருந்தது. "டவுன்லோட்ஸ் எல்லாம் குப்பையாக் கிடந்துச்சு. மொத்தமா அழிச்சுட்டேன். பாட்டு புரோகிராமும் அதுலதான் இருந்துச்சோ? பத்து நாளாச்சு. உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு பாத்தேன்."

போய்ப் பார்த்தேன். புரோகிராம் மட்டுமல்ல, அதுவரை பதிந்து வைத்திருந்த பாட்டுகளும் அதே டவுன்லோட்ஸ் போல்டரில்தான் இருந்திருக்கின்றன. பெரியம்மா காலமாகி ஆறு வருடமாகிறது. மகளின் வளைகாப்பில் அவர் பாடிய லாலி, பேத்தியைத் தூங்க வைக்கப் பாடிய தாலாட்டு எல்லாம் பதினான்கு கேசட்டுகளில் இருக்கின்றன. நாடா பழசாகி இரண்டு கேசட்டுகள் ஏற்கெனவே சிக்கி அறுந்துவிட்டன. மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் பெரியப்பாவின் ஒரே வேலை. 60 நிமிட கேசட் என்றால் 60 நிமிடமும் ஓடவிட்டுத்தான் பதிய வேண்டும். குறுக்கு வழி கிடையாது. பத்து நாளில் பத்து கேசட் முடிந்திருக்கும்.

நல்ல வேளை, அழித்தவர் டிராஷைக் காலி செய்யவில்லை. டிராஷைத் திறந்து, பைல்களைத் தேர்வு செய்து, ரைட் கிளிக் செய்து ரெஸ்டோர் கொடுத்ததும் எல்லாம் திரும்பி வந்தன. அன்றைக்கே உட்கார்ந்து அந்தப் புரோகிராமுக்கு மெனுவில் ஓர் இடம் போட்டுக் கொடுத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அதனால் படிப்படியாக எழுதுகிறேன்.

ஏன் மெனுவில் வரவில்லை?

பெரியப்பாவிடம் இருப்பது பேத்தியின் பழைய லேப்டாப். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், 2013-ல் பிளஸ் டூ படிக்கும்போது அவளுக்குக் கிடைத்தது. அந்த லேப்டாப்பில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட லினக்ஸ் அது. பேத்தி வேலைக்குப் போன பிறகு லேப்டாப் பரணில் கிடந்தது. ராம் மெமரியை 4 ஜிபி ஆக்கி, லினக்ஸ் மின்ட் நிறுவிக் கொடுத்தேன். டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் போல ஒரே மேஜையில், தனி கீபோர்டு, மவுஸுடன் இப்போது அது ஓடுகிறது.

விண்டோஸில் செட்டப் பைலை இயக்கினால், அதுவே ஸ்டார்ட் மெனுவில் ஷார்ட்கட்டைப் போட்டுவிடும். லினக்ஸ் மின்ட்டில் சாப்ட்வேர் மேனேஜர் மூலம் நிறுவினாலும் அப்படித்தான். ஆனால் பேத்தி, ஆடாசிட்டி என்னும் ஒலிப்பதிவு புரோகிராமின் புதிய பதிப்பை அதன் தளத்திலிருந்து ஆப்இமேஜ் வடிவில் இறக்கிக் கொடுத்திருந்தாள். ஆப்இமேஜ் என்றால் முழு புரோகிராமும் ஒரே பைலுக்குள் அடக்கம். நிறுவ வேண்டியதில்லை, டபுள் கிளிக் செய்தால் ஓடும். வசதிதான். ஆனால் நிறுவும் வேலை நடக்காததால், மெனுவுக்குத் தகவல் சொல்லவும் ஆள் இல்லை. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் நிரந்தர இடம்

மெனுவில் இருப்பது புரோகிராம் அல்ல. அது இருக்கும் இடத்தின் விலாசம் மட்டுமே. ஆள் வீடு மாறினால் பழைய விலாசத்துக்குப் போன கடிதம் திரும்பி வருவது போல, பைலை இடம் மாற்றினால் ஷார்ட்கட் வேலை செய்யாது. ஆகவே மெனுவைத் தொடுமுன் இந்த மூன்றையும் செய்திடவும்.

1. ஹோம் போல்டரில் புரோகிராம்ஸ் என ஆங்கிலத்தில் புதிய போல்டர் ஒன்றை உருவாக்கவும். பெயரில் இடைவெளி வேண்டாம். இடைவெளி இருந்தால் கட்டளை பாதியில் முறிந்துவிடும்.

2. ஆப்இமேஜ் பைலை அந்தப் போல்டருக்கு மாற்றவும். பைலின் பெயரில் பதிப்பு எண் நீளமாக இருக்கும். அதை நீக்கிவிட்டு, ஆடாசிட்டி என ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் சுருக்கமாகப் பெயர் மாற்றவும். நாளை புதிய பதிப்பு வந்தால், அதையும் இதே பெயரில் இதே இடத்தில் வைத்துவிடலாம். மெனுவைத் திரும்பத் தொட வேண்டியதில்லை.

3. பைலில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுக்கவும். பெர்மிஷன்ஸ் டேபில், பைலை புரோகிராமாக இயக்க அனுமதி தரும் கட்டத்தில் டிக் செய்திடவும். பிறகு ஒருமுறை டபுள் கிளிக் செய்து புரோகிராம் திறக்கிறதா எனப் பாருங்கள். இங்கே திறக்காதது மெனுவிலிருந்தும் திறக்காது.

மெனுவில் சேர்க்கும் வழி

கீழே உள்ளவை லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் பதிப்புக்கானவை.

1. திரையின் கீழே உள்ள மெனு பட்டனில் ரைட் கிளிக் செய்து கான்பிகர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

2. கிடைக்கும் விண்டோவில் மெனு டேபிற்குச் சென்று, மெனு எடிட்டரைத் திறக்கும் பட்டனில் கிளிக் செய்திடவும்.

3. இடது பக்கம் பிரிவுகளின் பட்டியல் தெரியும். ஒலிப்பதிவு புரோகிராம் என்பதால் சவுண்ட் அண்ட் வீடியோ பிரிவைத் தேர்வு செய்து, நியூ ஐட்டம் பட்டனை அழுத்தவும்.

4. இப்போது ஒரு சிறிய டயலாக் பாக்ஸ் தோன்றும். நேம் கட்டத்தில் பெயர். கமாண்ட் கட்டத்தில் புரோகிராமின் முழு விலாசம். விலாசத்தை டைப் செய்யாமல், அருகிலுள்ள பிரவுஸ் பட்டன் மூலம் பைலைக் காட்டிவிடுவதே நல்லது. டைப் செய்வதானால், முன்சாய்கோட்டில் தொடங்கி ஹோம், உங்கள் யூசர் பெயர், போல்டர், பைல் என முழுதாக எழுத வேண்டும். ஹோம் போல்டரைக் குறிக்கும் அலைக்குறி இங்கே செல்லாது.

5. காமென்ட் கட்டத்தில் ஒரு வரி விளக்கம் தரலாம். டெர்மினலில் இயக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் வேண்டாம். இடது பக்கம் உள்ள படத்தில் கிளிக் செய்தால் ஐகானையும் மாற்றிக்கொள்ளலாம்.

6. ஓகே கொடுங்கள். மெனுவைத் திறந்து பார்த்தால் உங்கள் புரோகிராம் அங்கே இருக்கும்.

பெயர் தமிழில் இருக்கட்டும்

நேம் கட்டத்துக்கு வந்ததும் பெரியப்பாவிடம் "என்ன பேரு போட?" என்று கேட்டேன். ஆடாசிட்டி என்றால் அவருக்கு என்ன தெரியும்? கொஞ்சம் யோசித்து, "கேசட் பதிவுன்னு போடுப்பா" என்றார். அப்படியே தமிழில் போட்டோம். ஆங்கிலப் பெயர் அவருக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. ஆனால் தேடும்போது அவர் மனதில் இருப்பது செய்ய வேண்டிய வேலைதான். கம்பெனி வைத்த பெயர் அல்ல. மெனுவில் வேலையின் பெயர் இருந்தால் கண் தானாக அங்கே போகும்.

தமிழில் டைப் செய்ய, சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டைத் திறந்து லேஅவுட்ஸ் டேபில் தமிழ்நெட் 99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை இது.

தமிழில் பெயர் வைத்தால் ஒரு சிக்கல் உண்டு. மெனுவின் தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் டைப் செய்தால் அகப்படாமல் போகலாம். இதற்காகத்தான் காமென்ட் கட்டத்தில் ஆடாசிட்டி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதி வைத்தேன். மெனு அந்த விளக்கத்தையும் சேர்த்தே தேடும். பெரியப்பாவுக்குத் தமிழ்ப் பெயர், எனக்கு ஆங்கிலப் பெயர். இருவருக்கும் பிரச்சினை இல்லை.

போல்டருக்கும் ஷார்ட்கட் உண்டு

பதிந்த பாட்டுகள் டவுன்லோட்ஸில் கிடந்ததுதான் பெரிய ஆபத்து. மியூசிக் போல்டருக்குள் தனிப் போல்டர் அமைத்து அவற்றை மாற்றினேன். அதையும் மெனுவில் சேர்க்கலாம். முன்பு போலவே நியூ ஐட்டம் கொடுத்து, கமாண்ட் கட்டத்தில் நெமோ என ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, போல்டரின் முழு விலாசத்தைத் தரவும். நெமோ என்பது சின்னமனின் பைல் மேனேஜர். இந்த ஐட்டத்தில் கிளிக் செய்தால் போல்டர் நேராகத் திறக்கும். இதற்குப் பெரியப்பா கேட்காமலே பெயர் சொன்னார்: "வீட்டுப் பாட்டு."

கடைசியாக, மெனுவில் இந்த இரண்டு பெயர்களிலும் ரைட் கிளிக் செய்து, பேவரிட்ஸில் சேர்க்கும் பிரிவைத் தேர்ந்தெடுத்தேன். மெனுவைத் திறந்தவுடன் இனிப் பட்டியலில் இறங்கித் தேட வேண்டியதில்லை.

வேலை செய்யவில்லையா?

கிளிக் செய்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், பைல் இடம் மாறியிருக்கிறதா, இயக்க அனுமதி இருக்கிறதா, விலாசத்தில் இடைவெளி இருக்கிறதா என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பெயரைத் தவறாகப் போட்டுவிட்டால், மெனு எடிட்டரில் அந்த ஐட்டத்தைத் தேர்வு செய்து பிராப்பர்ட்டீஸ் மூலம் திருத்தலாம். வேண்டாத ஐட்டங்களின் டிக்கை எடுத்துவிட்டால் அவை மெனுவில் மறைந்துவிடும், புரோகிராம் அழியாது. வயதானவர்களுக்குக் கொடுக்கும் கம்ப்யூட்டரில் இப்படி இருபது பெயர்களை மறைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

மெனு எடிட்டர் செய்யும் வேலையில் மாயம் எதுவும் இல்லை. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் டெஸ்க்டாப் என்ற துணைப்பெயருடன் ஒரு சிறிய டெக்ஸ்ட் பைலை எழுதி வைக்கிறது. பெயர், கட்டளை, ஐகான் என மூன்று நான்கு வரிகள்தான். ஹோம் போல்டரில் கன்ட்ரோல் விசையுடன் ஹெச் அழுத்தினால் மறைந்திருக்கும் போல்டர்கள் தெரியும். புள்ளியுடன் தொடங்கும் லோக்கல் போல்டரில் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ் எனச் சென்றால் அந்த பைல்களைப் பார்க்கலாம். பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐட்டங்களை எழுதும் இந்த முறை லினக்ஸ் டெஸ்க்டாப்களுக்கு எல்லாம் பொதுவானது. பாஸ் லினக்ஸ், உபுண்டு என எதற்கு மாறினாலும் பயன்படும்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதைச் செய்யலாம். விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தவும். தோன்றும் ரன் கட்டத்தில் ஷெல், முக்காற்புள்ளி, புரோகிராம்ஸ் என ஆங்கிலத்தில் இடைவெளியின்றி டைப் செய்து என்டர் தட்டவும். ஸ்டார்ட் மெனுவின் போல்டர் திறக்கும். அதனுள் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, நியூ, ஷார்ட்கட் எனச் சென்று புரோகிராம் பைலைக் காட்டி, பெயர் கொடுங்கள். தமிழ்ப் பெயர் இங்கும் ஏற்கப்படும். நிரந்தர இடம் பற்றிச் சொன்னது விண்டோஸுக்கும் பொருந்தும். டவுன்லோட்ஸில் இருக்கும் பைலுக்கு ஷார்ட்கட் போடாதீர்கள்.

இதெல்லாம் செய்து முடிக்க எனக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு பெரியப்பாவிடமிருந்து புரோகிராமைக் காணோம் என்று போன் வரவே இல்லை. போன வாரம் அழைத்தார். "பன்னெண்டும் முடிஞ்சுதுப்பா. வந்து கேட்டுட்டுப் போ" என்றார். போயிருந்தேன். அவரே மெனுவைத் திறந்து, வீட்டுப் பாட்டைக் கிளிக் செய்து, தாலாட்டை ஓடவிட்டார். இந்த முறை மவுஸை என் கையில் தரவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவரின் கம்ப்யூட்டரில் அவர் அடிக்கடி தேடுவது எது என்று கேளுங்கள். அதற்கு அவர் சொல்லும் பெயரையே வைத்து மெனுவில் சேர்த்துக் கொடுங்கள்.