பழைய ஆம்ப்ளிஃபயருக்குப் புளூடூத் வைப்பது எப்படி?

எங்க சித்தப்பா திருவள்ளூரில் ரேடியோ, செட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கேசட்டும் சிடியும் போன பிறகு, நல்ல ஸ்பீக்கர் உள்ள செட்டைக்கூட ஜனங்கள் எடைக்குப் போட ஆரம்பித்தார்கள். கடையை மூடிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. இன்றைக்கு அவருக்கு வரும் வேலையில் பாதி, பழைய ஆம்ப்ளிஃபயருக்குள் புளூடூத் போர்டு வைப்பதுதான்! லீவு நாளில் நானும் கூட உட்கார்ந்து கற்றதை எழுதுகிறேன்.

புளூடூத்தும் ஒரு ரேடியோதான். எஃப்.எம். 100 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வரும். இது 2400-லிருந்து 2483.5 வரை. 1994-ல் சுவீடனின் எரிக்சன் கம்பெனியில் தொடங்கிய வேலை. பெயர், 10-ஆம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்டின் பட்டப்பெயர். 1998-ல் இதற்காகக் கூட்டமைப்பு தொடங்கிய ஐந்து கம்பெனிகளில் நோக்கியாவும் ஒன்று. ஆமாம், 2006 முதல் 2014 வரை நம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் போன் செய்த அதே நோக்கியா.

இந்த அலைவரிசையைக் குறைந்த சக்தியில் பயன்படுத்த லைசென்ஸ் வேண்டாம் என்று 2005-ல் நம் அரசு அறிவித்தது. வைஃபையும் இங்கேதான் ஓடுகிறது. அப்போ மோதாதா? பாண்டி ஆட்டம் தெரியுமில்லையா, அது மாதிரி 79 கட்டங்களில், நொடிக்கு 1600 தடவை போனும் போர்டும் ஒரே வரிசையில் சேர்ந்து குதிக்கின்றன. ஒரு கட்டத்தில் இடித்தாலும் அடுத்ததில் தப்பிவிடும்.

இனி வேலை. ஆம்ப்ளிஃபயரில் 12 வோல்ட், போர்டுக்கு 5 வோல்ட். நடுவில் 7805 ஐசி போட வேண்டும். இடது, வலது, கிரவுண்டு என்று மூன்று வயரை வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னால் சேர்த்தால் பாட்டு வரும். கூடவே "கொய்ங்" என்று ஒரு சத்தமும் வரும்! போர்டு இழுக்கும் கரண்ட்டும் பாட்டும் ஒரே கிரவுண்டு வயரில் திரும்புவதால் வரும் வினை இது. போர்டுக்கு மட்டும் கிரவுண்டு ஒட்டாத தனி சப்ளை கொடுத்தால் அடங்கிவிடும்.

ரொம்ப முக்கியம், ஆன்டெனா. போர்டு ஓரத்தில் பாம்பு மாதிரி வளைந்த செம்புக் கோடு இருக்கும், பாருங்கள். அலைநீளம் சுமார் 12 செ.மீ.; அதில் கால் பங்கு, 3 செ.மீ., போதும் என்பதால் மடித்து வைத்திருக்கிறார்கள். இரும்புப் பெட்டிக்குள் மூடினால் பத்து மீட்டர் போக வேண்டியது இரண்டடி தாண்டாது. முன்பக்க பிளாஸ்டிக்கை ஒட்டித்தான் வைக்கணும்.

விலை மலிவான போர்டுகள் பாஸ்வேர்டு கேட்பதில்லை. எங்கள் தெரு ஆடிக் கூழ் விழாவில் அம்மன் பாட்டு நடுவே யாரோ ஒருவர் போனிலிருந்து குத்துப்பாட்டு வந்து, பூசாரியே திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து சித்தப்பா, போர்டை மட்டும் அணைக்க வெளியே ஒரு சுவிட்ச் வைத்துத் தருகிறார். அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.

— 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு