உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி: எந்தக் குறிப்பானை முதலில் கேட்பது?

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் முப்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஊசி பயாப்சியில் நம் கைக்கு வருவதோ நூல் போன்ற ஒரு துண்டு. தெரிந்த குறிப்பான்களையெல்லாம் போட்டுப் பார்ப்போம் என்று சீவிக்கொண்டே போனால் பாரஃபின் பிளாக் தீர்ந்துவிடும். மரபணுச் சோதனைக்கு எதுவும் மிஞ்சாது. எச் அண்ட் இ ஸ்லைடிலேயே சந்தேகத்தை இரண்டு மூன்று பெயர்களாகச் சுருக்கிக்கொண்டு, அவற்றைப் பிரித்துக் காட்டும் குறிப்பானை மட்டும் கேட்பதே நல்லது.

அதிகக் கவனம் வேண்டிய இடம், அசினிக் செல் கார்சினோமாவா செக்ரீட்டரி கார்சினோமாவா என்ற கேள்வி. 2010இல் அலெனா ஸ்காலோவாவின் குழு இரண்டாவதைத் தனி நோயாக விவரிக்கும்வரை, அதில் பல முதலாவதன் பெயரிலேயே பதிவாகிவந்தன. எஸ்100, மம்மாகுளோபின் இரண்டும் பளிச்சென்று ஏறி, டாக்1 ஏறாவிட்டால் செக்ரீட்டரி. டாக்1 ஏறி, மம்மாகுளோபின் ஏறாவிட்டால் அசினிக். ஒன்றை மட்டும் கேட்க இடமிருந்தால் அசினிக் செல்லின் உட்கருவில் ஏறும் என்ஆர்4ஏ3தான் என் தேர்வு. செக்ரீட்டரி என்று தோன்றினால் பான்-டிஆர்கே சேர்த்துக்கொள்ளுங்கள். நோய் பரவிய நிலையில் லாரோட்ரெக்டினிப் போன்ற மருந்து பயன்படுமா என்பதற்கு அது முதல் தடயம். ஆனால் இக்கட்டிகளில் சிலவற்றில் இடிவி6 மரபணு என்டிஆர்கே3உடன் சேராமல் ரெட் மரபணுவுடன் சேர்ந்திருக்கும். ஆகவே பான்-டிஆர்கே ஏறவில்லை என்பதற்காக நோயின் பெயரை மாற்றிவிடக் கூடாது.

அண்ணத்தில் வரும் கட்டியில் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவுக்கும் பாலிமார்பஸ் அடினோகார்சினோமாவுக்கும் இடையே குழப்பம் வரும். முன்னது பல ஆண்டு கழித்தும் நுரையீரலில் தலைகாட்டக்கூடியது. பின்னது பெரும்பாலும் சாதுவானது. பலரும் சிடி117ஐ நாடுகிறார்கள். அது இரண்டிலுமே ஏறக்கூடும். பி63, பி40 ஜோடி மேல். பி63 புரதத்தின் குறுகிய வடிவத்தை மட்டுமே பி40 பிடிக்கிறது. இரண்டும் ஒரே செல்களில் ஏறினால் அடினாய்டு சிஸ்டிக் பக்கம் சாயலாம். பி63 ஏறி பி40 ஏறாவிட்டால் பாலிமார்பஸ் பக்கம். ஆனால் சாதாரண பிளியோமார்பிக் அடினோமாவிலும் இரண்டும் ஏறும் என்பதால் செல் அமைப்பையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சுரப்பி நாளக் கார்சினோமா என்று பட்டால் ஆண்ட்ரோஜன் ஏற்பியும் ஹெர்2வும் கட்டாயம். இரண்டுமே சிகிச்சைக்கு வழிகாட்டும். மியூக்கோஎபிடர்மாய்டில் பி40 ஏறும், சாக்ஸ்10 பொதுவாக ஏறாது.

தீங்கற்றதா, புற்றா என்பதை எந்தக் குறிப்பானும் தனியாகச் சொல்லாது. பிளாக்1 ஏறினால் பிளியோமார்பிக் அடினோமா என்று எழுதத் தோன்றும். அதிலிருந்தே கிளைத்த கார்சினோமாவிலும் அது ஏறலாம். கட்டி அக்கம்பக்கத் திசுவுக்குள் ஊடுருவியிருக்கிறதா என்று விளிம்பைப் பார்த்தாக வேண்டும். ஊசித் துண்டில் விளிம்பு இல்லையென்றால், அதை அறிக்கையிலேயே எழுதி, முழுக் கட்டியும் வந்தபின் முடிவு சொல்லுங்கள்.