ஊசுட்டேரியும் அயல் நிலங்களும்: வானிலிருந்து உஷ்ணம் அளத்தல்

புதுச்சேரிக்கு மேற்கே, புதுச்சேரிப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலுமாகப் பரந்து கிடக்கும் ஊசுட்டேரி சுமார் 800 ஹெக்டேர் விஸ்தீரணமுள்ளது. கோடையில் அதில் எவ்வளவு பரப்பில் ஜலம் எஞ்சியுள்ளது, சுற்றுப்புறத்தில் எந்த நஞ்சை ஈரமிழந்தது என்பவற்றைக் கரைமேல் நின்று ஒரே பார்வையில் மதிப்பிடுதல் அரிது. செயற்கைக்கோள்கள் அளித்துவரும் உஷ்ணப் படங்கள் இதற்கு உதவும். ஆயினும் அவற்றைத் தவறாகப் படித்தால், ஜலம் வேண்டாத வயலுக்கு மடை திறந்து, வேண்டிய வயலைக் காயவிட நேரும்.

ஒவ்வொரு பொருளும் தன் உஷ்ணத்துக்கேற்பக் கண்ணுக்குப் புலனாகாத கதிர்களை வீசுகிறது. 2013-லும் 2021-லும் ஏவப்பட்ட லாண்ட்ஸாட் 8, 9 என்னும் கோள்கள் 705 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இக்கதிர்களை அளக்கின்றன. இவ்விரண்டில் ஒன்று 8 நாட்களுக்கொருமுறை, காலை சுமார் 10½ மணிக்கு, நம் நிலங்களின்மேல் செல்லும். இங்ஙனம் அளக்கப்படுவது மண், இலை, ஜலம் ஆகியவற்றின் மேற்பரப்பு உஷ்ணமேயன்றி, நிழலில் தொங்கும் உஷ்ணமானி காட்டும் காற்றின் உஷ்ணமன்று.

ஒரு கிராம் ஜலத்தின் உஷ்ணத்தை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கலோரி வேண்டும்; உலர்ந்த மண்ணுக்கு அதில் ஐந்திலொரு பங்கே போதும். அன்றியும், ஒரு கிராம் ஜலம் ஆவியாகுங்கால் ஏறக்குறைய 580 கலோரியைக் கவர்ந்து செல்கிறது. ஆகவே பகற்படத்தில் ஏரி குளிர்ந்தும் தரிசு கொதித்தும் தோன்றும். பின்னிரவில் எடுத்த படத்திலோ, நிலம் விரைவில் ஆறிவிட, ஏரியே வெப்பமாகக் காணும். படத்தின் தேதியையும் மணியையும் பாராமல் அதைக் கையிலெடுப்பதில் பயனில்லை.

பயிர் விஷயத்தில் இதன் பயன் பெரிது. வேரில் ஈரமுள்ளவரை நெற்பயிர் இலைத்துளைகளின் வழியே ஜலத்தை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். ஈரம் குறைந்ததும் துளைகள் மூடிக்கொள்ள, இலை வாடுமுன்னரே அதன் உஷ்ணம் ஏறத் தொடங்கும். கடைமடை வயல்களின் குறை இவ்வாறு முன்னதாகவே தெரியவரும். ஆனால் அறுவடையான தாளடியும் அதே நிறத்தில் சூடாகவே தோன்றும். ஏரிக்குள் பசுமையாய் மண்டிய செடிகளோ ஜலத்தைப்போல் குளிர்ந்து ஏமாற்றும். இவற்றைப் பிரித்தறியக் கிராம அதிகாரிகள் வைத்துள்ள பயிர்க்கணக்கு துணைசெய்யும். எந்தச் சர்வே நம்பரில் எப்பொழுது நடவு, எப்பொழுது அறுவடை என்பது அக்கணக்கில் சரியாயிருத்தல் வேண்டும்.

மேற்கூறிய கோள்களின் ஒவ்வோர் அளவும் 100 மீட்டர் சதுரத்தின், அதாவது சுமார் 2½ ஏக்கரின், சராசரியேயாம். கரையோரச் சதுரத்தில் ஜலமும் மண்ணும் கலந்துவிடும். கால் ஏக்கர் வயலைத் தனியே காண இயலாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேகம் மறைப்பதால் தை முதல் சித்திரை வரையிலுள்ள படங்களே பெரும்பாலும் உதவும். காற்றிலுள்ள ஈரமும் அளவைச் சிறிது மாற்றுமாதலால், தனி எண்ணை நம்பாது, ஏரி நடுவிடம், தரிசு, நன்கு பாய்ச்சிய வயல் ஆகிய மூன்றின் உஷ்ண வித்தியாசத்தைக் குறித்து, அதே நாளின் ஏரி ஜலமட்டத்தையும் பக்கத்தில் எழுதி வருக.