தை வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: ஏனாத்தூரில் இருக்கிறோம். வீட்டுக்காரர் கோர்வைத் தறி நெய்கிறார். எனக்கு மூன்றரை மாதம்; ஏப்ரல் நடுவில் பிரசவம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஃப்ளூ ஊசி பற்றிக் கேட்டால் “26 வாரம் ஆகட்டும்” என்கிறார்கள். மாமியாரோ, “வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு எதுக்கும்மா இத்தனை ஊசி?” என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: போட்டுக்கொள்ளுங்கள் அம்மா. அதுவும் இந்த ஐப்பசியிலேயே.

26 வாரம் என்பது நம் நாட்டு மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பான ஃபாக்சி சொல்லும் கணக்கு. ஜனவரியில் பிரசவம் ஆகிறவர்களுக்கு அக்டோபரிலேயே 26 வாரம் வந்துவிடும். அவர்களுக்கு அது பொருந்தும். உங்களுக்கோ பொங்கலுக்குச் சற்று முன்னால்தான் வரும். டெல்லி, புணே பக்கம் ஃப்ளூ ஜூலை, ஆகஸ்டில் ஏறுகிறது. நம் சென்னை வட்டாரத்தில் அது வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர், நவம்பரில் உச்சத்துக்கு வருகிறது. ஊசி போட்டபின் எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் பிடிக்கும். தை பிறக்கும்வரை காத்திருந்தால், ஆபத்தான மாதங்களை வெறுங்கையோடு கடந்திருப்பீர்கள். கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உங்கள் டாக்டரிடம் இந்தத் தேதிக் கணக்கைச் சொல்லியே பேசுங்கள்.

கோர்வை நெய்ய இரண்டு பேர் வேண்டும். மழை நாளில் ஜன்னலை அடைத்துவிட்டு, ஒரே தறியில் இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்கு இருமல் வந்தால் வீடு முழுக்க வரும். வீட்டுக்காரரும் மாமியாரும்கூடப் போட்டுக்கொண்டால் நல்லது.

மாமியார் சொல்வது அக்கறையில்தான். அவருக்கு இதைச் சொல்லுங்கள்: சுகாதார நிலையத்தில் போடும் டிடி ஊசி ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும்தான்; அது ஃப்ளூவைத் தடுக்காது. வயிறு பெருக்கப் பெருக்க நுரையீரலுக்கு இடம் குறைகிறது, இதயத்துக்கு வேலை கூடுகிறது. அதனால் சாதாரண ஃப்ளூகூட நிமோனியாவாக முற்றலாம். 2009 பன்றிக்காய்ச்சலால் அமெரிக்காவில் இறந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் கர்ப்பிணிகள். மக்கள்தொகையில் அவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான்.

ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த கிருமி; அதனால் ஃப்ளூ வராது. கை வலிக்கலாம், ஒருநாள் உடம்பு கதகதவென்று இருக்கலாம். மூக்கில் விடும் மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் உயிருள்ள கிருமி இருக்கிறது. முன்பு இந்த ஊசியால் கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ, இப்போது காய்ச்சல் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைக்கும் பலன் உண்டு. தாயின் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகப் போகிறது. பங்களாதேஷில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், கடைசி மூன்று மாதத்தில் ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு ஃப்ளூ 63 சதவீதம் குறைந்திருந்தது. நீங்கள் முன்னதாகவே போடுவதால் குழந்தைக்குப் போய்ச் சேர்வது சற்றுக் குறையலாம். ஆனால் அடுத்த ஐப்பசி மழைக்கு உங்கள் பிள்ளைக்கு ஆறு மாதம் நிறைந்துவிடும். அதற்கே நேரடியாகப் போடலாம்.

தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பு உண்டா என்று கேட்டுவிட்டு, பிறகு வெளியே விலை விசாரியுங்கள்.

ஊசி போட்டிருந்தாலும், காய்ச்சலோடு இருமல் வந்தால் கஷாயத்தோடு நாள் கடத்தாதீர்கள். ஒசெல்டாமிவிர் மாத்திரையைக் கர்ப்பிணிக்கும் கொடுக்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப் பலன். மூச்சு வாங்கினால் இரவென்றும் பார்க்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.