வீட்டில் இரத்த அழுத்தம் அளத்தல்

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தினால் வீட்டு வாயிலிலேயே இரத்த அழுத்தம் பார்க்கப்படுகிறது. ஆயினும் சொந்தக் கருவி வாங்கலாமா என்று திருப்பாச்சூர்ப் பக்கத்து அங்கத்தினர் சிலர் நம்மைக் கேட்கின்றனர். வாங்கலாம்; மணிக்கட்டில் கட்டுவது வேண்டா, மேற்கையில் கட்டுவதே நன்று. முதலில் மேற்கையின் நடுச் சுற்றளவை நாடாவால் அளந்துகொள்க. பட்டை சிறிதாயின் அழுத்தம் மிகுத்துக் காட்டும். அளவு பிசகினால் என்னாகும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை!

தறியை விட்டெழுந்தவுடன் அளத்தல் கூடாது. காப்பி, புகையிலை இவற்றை அரைமணிக்கு முன்பே நிறுத்தி, ஐந்து நிமிஷம் முதுகு சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை மார்பு மட்டத்தில் மேசைமேல் வைத்துப் பேசாதிருக்க வேண்டும். ஒரு நிமிஷ இடைவெளியில் இருமுறை அளந்து நோட்டில் குறிக்க. சில நாட்களின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருப்பின் நோட்டை மருத்துவரிடம் காட்டுக.

எண் இறங்கிவிட்டதென்று மாத்திரையைத் தாமே நிறுத்துவோர் நம்மிடையே உண்டு. இறக்கியது அம்மாத்திரைதான்.