பள்ளிப் பாடத்தில் காணொலிக் காட்சி

கொச்சி மாநகரின் கிழக்குப் பகுதியிலுள்ள வைட்டிலா, வழிகள் பலவும் கூடுமிடம். 2011-ஆம் ஆண்டில் அங்குத் திறக்கப்பெற்ற போக்குவரத்து மையத்தில் வெளியூர்ப் பேருந்துகள் வந்து நிற்கின்றன. 2019 முதல் மெட்ரோ இரயிலும், 2023 ஏப்ரல் முதல் காக்கநாட்டுக்குச் செல்லும் நீர்வழி மெட்ரோப் படகும் அவ்விடத்திற்கு வந்து சேர்கின்றன. ஆட்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்ல இத்தனை ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. ஆசிரியரின் முகமும் குரலும் கரும்பலகையும் மட்டும் செல்ல வேண்டுமாயின் மயிரிழையொத்த கண்ணாடி இழை ஒன்று போதும். மாணவனின் கேள்வியும் அதே வழியாகத் திரும்பி வரக்கூடும். இவ்வசதியைப் பள்ளிப் பாடத்தில் எவ்வாறு கையாளலாம், எவ்விடத்தில் கையாளலாகாது என்பதை இங்கு ஆராய்வோம்.

இருவகைச் சாதனங்கள்

தொலைக்காட்சிப் பாடம் ஒருவழிப் பாதை. ஆசிரியர் பேசுவார், மாணவர் கேட்பர், மாணவர் பேசுவது ஆசிரியருக்கு எட்டாது. காணொலிக் காட்சியோ இருவழிப் பாதை. இரு திசையிலும் படமும் ஒலியும் உடனுக்குடன் செல்கின்றன. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக் கொள்ளுதல் இன்றியமையாதது. கேள்வி எழாத பாடத்திற்குக் காணொலிக் காட்சியைப் பயன்படுத்துவது, ஒருவர் மட்டும் பேசுவதற்குத் தொலைபேசியை வைத்துக்கொள்வது போன்றதாகும். அத்தகைய பாடத்திற்குத் தொலைக்காட்சியே போதும், செலவும் குறைவு.

கடந்து வந்த வழி

நம் நாட்டில் இம்முயற்சி புதிதன்று. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்க நாட்டிடமிருந்து தற்காலிகமாகப் பெற்ற ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக்கோளின் துணைகொண்டு, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பெற்றன. காலையில் பள்ளிச் சிறுவர்க்கும் மாலையில் பெரியோர்க்கும் நிகழ்ச்சிகள் நடைபெற்றன. அது ஒருவழிப் பாதையே.

கல்விக்கென்றே அமைந்த எஜுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பெற்றது. அதன் நிறை ஏறத்தாழ 1,950 கிலோகிராம். அதன் வாயிலாகக் கேரள மாநிலம் ‘விக்டர்ஸ்’ என்னும் கல்விச் சேவையை உருவாக்கியது. 2005 ஜூலை 28 அன்று அன்றைய குடியரசுத் தலைவர் டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அதனைத் திருவனந்தபுரத்தில் தொடங்கி வைத்தார். தொலைவிலுள்ள மையங்களும் கேள்வி கேட்கக்கூடிய இருவழி ஏற்பாடு அதன் சிறப்பாகும். எஜுசாட் 2010-இல் தன் பணியை முடித்துக் கொண்டது; கல்விச் சேவை வேறு வழிகளில் தொடர்ந்தது. 2017 முதல் அது ‘கைட்’ என்னும் மாநில அரசு நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது.

பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த 2020-ஆம் ஆண்டின் ஜூன் 1 அன்று, ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்னும் பாட நிகழ்ச்சி விக்டர்ஸ் வழியே தொடங்கியது. தமிழ், கன்னட வழி மாணவர்க்கும் பாடங்கள் ஆயத்தம் செய்யப்பெற்றன. ஆயினும் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் வீட்டில் தொலைக்காட்சியோ இணைய வசதியோ இல்லையென்று அக்காலத்துக் கணக்கெடுப்பு காட்டிற்று. அவர்களுக்காக நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பெற்றன. ஒருவழிப் பாடம் மட்டும் போதாதெனக் கண்டு, 2021-இல் ஆசிரியர் தம் வகுப்பு மாணவரோடு நேரே உரையாடும் இணைய வகுப்புகளும் படிப்படியாகத் தொடங்கின. இவ்வரலாறு நமக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. பாடம் பரவலாகச் செல்லத் தொலைக்காட்சி உதவும். மாணவனின் ஐயம் தீர இருவழிப் பாதை வேண்டும்.

படமும் ஒலியும் செல்லும் விதம்

பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் வழியே குரல் சென்றால், மேலேறி இறங்க 72,000 கிலோமீட்டர் கடக்க வேண்டும். ரேடியோ அலையின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். ஆகவே ஏறத்தாழக் கால் நொடி ஆகும். ஆசிரியரின் கேள்வி செல்லக் கால் நொடி, விடை திரும்பக் கால் நொடி. ஆக அரை நொடி. இடைவெளியை அறியாத ஆசிரியர், மாணவன் வாய் திறக்குமுன்பே ‘தெரியவில்லையா?’ என்று அடுத்தவனிடம் சென்று விடுவார். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், திருவனந்தபுரத்திலிருந்து கொச்சி வருவதற்குச் சில மில்லி நொடிகளே போதும். எனினும் இடையிலுள்ள கருவிகளும் கணினிகளும் தம் பங்குக்குத் தாமதம் செய்கின்றன. எனவே கேள்வி கேட்டபின் மூன்று எண்ணும் வரை பொறுத்திருத்தல் ஆசிரியர்க்கு நல்ல பழக்கம்.

மழையும் இங்குக் கருதத்தக்கது. கல்வி மையங்களின் செயற்கைக்கோள் இணைப்புக்குப் பயன்படும் கே.யூ. அலைகளைக் கனமழைத் துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் மெலியச் செய்கின்றன. கேரளத்தில் பள்ளிகள் திறப்பதும் இடவப்பாதி மழை தொடங்குவதும் ஒரே ஜூன் மாதத்தில்! இழை வழி இணைப்புக்கு இக்குறை இல்லை. ஆனால் மரம் சாய்ந்தால் கம்பத்தில் செல்லும் இழை அறும், மின்சாரமும் நிற்கும். ஆகவே எவ்வழியாயினும் மாற்றுப் பாடம் ஒன்று ஆசிரியரின் கையில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

இனிப் படத்தின் கணக்கைப் பார்ப்போம். அகலவாக்கில் 640, உயரவாக்கில் 480 எனப் புள்ளிகள் கொண்ட படத்தில் 3,07,200 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட். நொடிக்கு 25 படங்கள். பெருக்கினால் நொடிக்கு 18 கோடி பிட்டுக்கு மேல் வருகிறது. இதனை ஏறத்தாழ 10 லட்சம் பிட்டாகச் சுருக்கியே அனுப்புகின்றனர். சுருக்கும் முறை எளிது: முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் அனுப்புவர், மாறாத சுவரைத் திரும்பத் திரும்ப அனுப்புவதில்லை. ஆதலின் ஆசிரியரின் பின்னால் மின்விசிறி சுழன்றாலும், மரக்கிளை அசைந்தாலும், வேண்டாத அசைவுக்கே பிட்டுகள் செலவாகிக் கரும்பலகையின் எழுத்து மங்கும். வெற்றுச் சுவரின் முன் நின்று, கருவியை அசைக்காமல், பெரிய எழுத்தில் எழுதுவதற்கு இதுவே காரணம்.

ஒலிக்கோ நொடிக்கு 40,000 பிட் போதும். படத்திற்காகும் அளவில் இது இருபத்தைந்தில் ஒரு பங்கே. இணைப்பு தளரும்போது படத்தை நிறுத்திக் குரலைக் காப்பாற்ற வேண்டும். படமின்றிக் குரலைக் கேட்டுப் பாடம் தொடரலாம்; குரலின்றிப் படத்தைப் பார்த்துத் தொடர்வது அரிது. ஒலிபெருக்கியின் ஒலி ஒலிவாங்கியில் புகுந்தால் எதிரொலி எழும். எனவே இரண்டையும் விலக்கி வைத்து, பேசாத பள்ளியின் ஒலிவாங்கியை அணைத்து வைத்தல் நலம்.

ஒரு மாதிரிப் பாடம்

இருவழிப் பாதையின் உண்மையான பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். வைட்டிலா கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்திலேயே உள்ளது. அண்டை மாவட்டமான இடுக்கியில் உள்ள மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இவ்விரு இடங்களிலும் உள்ள இரு பள்ளிகள் ஒரே வேளையில் தண்ணீரைக் கொதிக்க வைக்கட்டும். முதலில் இரு பள்ளிகளும் தத்தம் வெப்பமானியை உருகும் பனிக்கட்டியில் வைத்து 0 பாகை காட்டுகிறதா என்று சரிபார்த்து, பிழையிருப்பின் குறித்துக் கொள்ள வேண்டும். பிறகு தூய நீரை ஆசிரியரே அடுப்பிலேற்றி, மாணவரை எட்டி நிறுத்தி, கொதிநிலையை மாணவர் வாயால் படிக்கச் செய்ய வேண்டும்.

வைட்டிலாவில் வெப்பமானி 100 பாகையை ஒட்டி நிற்கும். மூணாற்றில் 95 பாகையை ஒட்டி நிற்கும். உங்கள் வெப்பமானி தவறு என்று ஒரு பள்ளி சொல்லும். உங்களுடையதே தவறு என்று மற்றது சொல்லும். அவ்வழக்கே பாடத்தின் உயிர். பனிக்கட்டிச் சோதனையை நினைவூட்டி, கருவியில் பிழையில்லையெனில் வேறென்ன வேறுபாடு என்று ஆசிரியர் கேட்க வேண்டும். மலையின்மேல் காற்றின் அழுத்தம் குறைவு; அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்ற முடிவுக்கு மாணவர் தாமே வந்து சேர்வர். மூணாற்றுச் சிறுமி ஒருத்தி, தன் வீட்டில் திறந்த பானையில் சோறு வேக நேரமாவதையும் குக்கரில் விரைவில் வேகுவதையும் சொல்லக்கூடும். பாடநூலில் ஒரு வரியாக இருந்த செய்தி, அவளால் வைட்டிலா மாணவர்க்கு உயிர்பெற்று வரும். இதைத் தொலைக்காட்சியால் செய்ய இயலாது.

இதுபோல், மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் ஒத்திருக்கும் நாளில், நண்பகல் வேளையில் ஒரு மீட்டர்க் கோலின் நிழலை வைட்டிலாவிலும் தில்லியிலும் அளந்தால், முன்னதில் ஏறத்தாழ 18 சென்டிமீட்டரும் பின்னதில் 55 சென்டிமீட்டரும் வரும். இவற்றிலிருந்து கிடைக்கும் கோண வேறுபாடு 18.6 பாகை. இரு நகரங்களின் தென்வடல் தொலைவு ஏறத்தாழ 2,070 கிலோமீட்டர். ஒன்பதாம் வகுப்பு மாணவன் இவற்றைக் கொண்டு பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் என்று தானே கணக்கிட்டு விடலாம்.

அருகிலிருக்கும் ஆசிரியர்

தொலைவிலுள்ள ஆசிரியர் முப்பது பள்ளிகளுக்கு ஒருங்கே பாடம் சொல்வதாகக் கொள்வோம். பள்ளிக்கு முப்பது பேர் என்றால் மாணவர் தொண்ணூறு பத்து, அதாவது 900 பேர். கேள்விக்கெனப் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒருவர்க்கு ஒரு நிமிடம் தந்தால் பத்துப் பேரே கேட்க முடியும். எஞ்சிய 890 பேர் வாய் மூடியிருப்பர். பேசுவோர் பெரும்பாலும் எப்போதும் பேசுவோரே. இதற்குப் பரிகாரம் அந்தந்த வகுப்பிலுள்ள ஆசிரியரிடம் உள்ளது. அவர் பாடத்திற்கிடையே ஐந்து நிமிடம் மாணவரைச் சிறு குழுக்களாகப் பேசச் செய்து, கேள்விகளைத் தொகுத்து, ஒரு கேள்வியைப் பின்வரிசை மாணவன் வாயிலாகக் கேட்கச் செய்ய வேண்டும். மற்றவற்றிற்கு அவரே விடையளிக்கலாம். திரையை ஏற்றிவிட்டு வேறு வேலை பார்க்கச் செல்லும் ஆசிரியரால், இருவழிப் பாதை ஒருவழிப் பாதையாகி விடுகிறது. இணைக்கும் பள்ளிகளின் எண்ணிக்கையும் இரண்டு முதல் நான்கு வரை இருப்பதே நன்று.

விடுபடுகின்ற பிள்ளை

வீட்டிலிருந்தே மாணவர் கலந்துகொள்ளும் வகுப்பில் மேலும் கவனம் வேண்டும். நொடிக்கு 10 லட்சம் பிட் என்ற கணக்கில் 45 நிமிடப் பாடத்தைப் பெறவே ஏறத்தாழ 340 மெகாபைட் செலவாகும். நான்கு பாடங்களுக்கு 1,360 மெகாபைட். நாளொன்றுக்கு 1,500 மெகாபைட் பெறும் குடும்பத்தில் இரு பிள்ளைகள் இருப்பின், ஒருவர் படிக்க மற்றவர் பார்த்திருக்க நேரும். அத்தகைய வீடுகளில் மூத்த பையனுக்குக் கைப்பேசியைத் தந்து, பெண் பிள்ளையை அடுக்களைக்கு அனுப்பும் வழக்கம் நமக்குத் தெரியாததன்று. வருகைப் பதிவேட்டில் அவள் வரவில்லை என்று மட்டுமே பதிவாகும், காரணம் பதிவாகாது. ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டணமின்றி இணைப்புத் தருதலை நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டு, கேரள அரசின் கே-ஃபோன் இழை வலை 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பெற்றது. இணைப்பு வந்த பின்னரும் கருவியும் இடமும் வேண்டும் என்பதை நாம் மறத்தலாகாது.

மாணவரைத் தம் படத்தைக் காட்டும்படி கட்டாயப்படுத்துதல் கூடாது. ஒற்றை அறை வீட்டின் உட்புறத்தை வகுப்பு முழுவதும் காண்பது அப்பிள்ளைக்கு நாணம் தருவதாகும். அதற்கஞ்சியே வகுப்பை விட்டு விலகுவோர் உண்டு. மத்தியக் கல்வித் துறை 2020 ஜூலையில் வெளியிட்ட ‘பிரக்யதா’ நெறிமுறைகள், எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு இரண்டு பாடவேளைக்கும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு பாடவேளைக்கும் மிகாமல், ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் வரை நேரலை வகுப்பு நடத்தலாம் என்று பரிந்துரைத்தன. கண்ணுக்கும் மனத்துக்கும் அயர்வு நேராதிருக்க இவ்வரம்பு இன்றும் ஏற்றதே.

களப் பணியாளர் கவனத்திற்கு

பள்ளியைப் பார்வையிடச் செல்லும் அலுவலர், திரை எத்தனை அங்குலம், இணைப்பு எத்தனை வேகம் என்பதோடு நின்றுவிடாமல், பின்வருவனவற்றையும் கேட்டறிதல் வேண்டும்:

1. சென்ற வகுப்பில் மாணவர் கேட்ட கேள்விகள் எத்தனை? கேட்டவர் யார், யார்?
2. கடைசி வரிசையில் இருப்பவர்க்குக் குரல் தெளிவாகக் கேட்கிறதா?
3. இணைப்பு அறுந்த நாளில் என்ன பாடம் நடந்தது?
4. வீட்டு வகுப்பிற்கு வராத மாணவரை யார் சென்று கண்டனர்? காரணம் யாது?
5. மாணவரின் படத்தையும் குரலையும் பதிவு செய்ததாயின், பெற்றோரின் இசைவு பெறப்பட்டதா? அப்பதிவு எங்கே உள்ளது?

இவற்றுள் நான்காவது வினாவே தலையாயது. வைட்டிலாவின் மெட்ரோவும் படகும் ஏற வந்தவரை ஏற்றிச் செல்கின்றன. ஏற வராதவரைத் தேடிச் செல்வது அவற்றின் கடமையன்று. பள்ளியின் கடமையோ வேறு. திரையில் முகம் தெரியாத பிள்ளையின் வீட்டுக்கு நடந்து செல்லும் ஆசிரியர் இருக்கும் வரையில், காணொலிக் காட்சி நல்லதொரு துணைக் கருவியாக விளங்கும்.