குடும்ப வைத்தியர்களின் வாசிப்புச் சங்கம்

கேள்வி: எங்கள் ஊர்க் குடும்ப வைத்தியர்கள் சிலர் மாதந்தோறும் கூடி மருத்துவ சஞ்சிகைகளைப் படிக்க விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?

பதில்: மாண்ட்ரியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் 1875-ல் வில்லியம் ஆஸ்லர் என்னும் வைத்தியர், தனியொருவர் சந்தா கட்டி வாங்க இயலாத சஞ்சிகைகளைப் பலரும் பகிர்ந்து படிக்கும்பொருட்டு ஆரம்பித்த சங்கத்தின் வழிவந்ததே நீங்கள் கருதும் நற்காரியம். ஆனால் அவை அரிதாயிருந்த அக்காலம் போய், இன்று வெள்ளமாய்ப் பெருகிவிட்டபடியால், இதழைப் புரட்டி விஷயம் தேடுவதைக் காட்டிலும், சென்ற வாரம் உங்கள் எதிரே அமர்ந்த நோயாளியால் மனத்தில் எழுந்த சந்தேகத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு விடை கூறும் கட்டுரையைத் தேடுவதே உத்தமம்.

படிக்கும்போது, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்களா, நடுவில் விலகியோர் எத்தனை பேர், அளந்து பார்த்தது ரத்தத்தின் ஓர் எண்ணையா மனிதனின் ஆயுளையா என்று விசாரியுங்கள். மாரடைப்புக்குப் பின் இதயத் துடிப்பின் ஒழுங்கீனத்தை அடக்கிய என்கெய்னைடு, ஃபிளெகெய்னைடு என்னும் மருந்துகள் உயிரையும் காக்குமென்று வைத்தியர்கள் பலர் நம்பியிருக்க, 1991-ல் வெளியான 'காஸ்ட்' பரிசோதனையின் அறிக்கையிலோ, அம்மருந்துகளை உண்ட 755 பேரில் 63 பேரும், வெற்று மாத்திரை உண்ட 743 பேரில் 26 பேரும் மாண்டதாகக் கண்டது. முதற் கூட்டத்துக்கு இவ்வறிக்கையையே வையுங்கள். துடிப்பு சீரானதைக் கண்டு திருப்தியடைந்த நல்ல வைத்தியர்களின் கையாலேயே அந்த மருந்துகள் கொடுக்கப்பட்டன என்பதை ஒவ்வொருவரும் உணர வேண்டும்.

ஒரு கூட்டத்துக்கு ஒரு கட்டுரை போதும். காபிச் செலவை நீங்களே பகிர்ந்துகொள்ளுங்கள். மருந்துக் கம்பெனியாரின் உபசாரம் வேண்டாம்.